ஆளுக்கொரு குளிசை

எங்கள் கரையில் எதையும் பங்கு போடாமல் வாயில் வைத்த ஆள் கிடையாது. கரைவலை இழுத்து முடிந்தால் வலைக்கு ஒரு பங்கு, வள்ளத்துக்கு ஒரு பங்கு, கயிறு பிடித்த கைகளுக்கெல்லாம் ஒவ்வொரு பங்கு. ஒற்றைப் பாரை மட்டும் ஏறிய நாளிலும் அதை மணலில் கிடத்தி வெட்டி, துண்டு துண்டாகத்தான் வீடுகளுக்கு எடுத்துப்போவார்கள். வால் கிடைத்தவள் தலை கிடைத்தவளை இரண்டு நாளைக்குக் கேலி பண்ணுவாள். பேக்கரியில் ஒரு றாத்தல் பாண் வாங்கினால் அரை றாத்தல் வேலிக்கு மேலால் அடுத்த வீட்டுக்குப் போகும். அங்கிருந்து சம்பல் திரும்பி வரும். வெயிலைக்கூட நாங்கள் பங்குதான் போட்டோம். கருவாடு காயப்போடும் பரணில் காலை வெயில் அவளுக்கு, பின்னேர வெயில் எனக்கு.

இப்படி வளர்ந்த இரண்டு பெண்கள், மருந்துக் கடையில் வாங்கிய குளிசையையும் பங்கு போட்டுக்கொண்ட கதை இது. இப்போது சொல்லும்போது முதலில் எனக்குத்தான் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்பு வந்து சேர அன்று ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

இரண்டு பெண்கள் என்றால் நானும், என் கணவரின் தம்பி மனைவியும். கல்பிட்டிப் பக்கம் ஆலங்குடாவுக்கு அப்பால், கடலைப் பார்த்த ஒரே வளவுக்குள் எங்கள் இரண்டு வீடும் இருந்தன. எனக்கு நாற்பது கழிந்திருந்தது. மூத்தவன் கொழும்பில் வேலைக்குப் போய்விட்டான், மகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தம்பி மனைவிக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. இடுப்பில் பத்து மாதப் பிள்ளை, சேலைத் தலைப்பில் ஐந்து வயது. நான் அவளைத் தங்கச்சி என்பேன். அவள் என்னை அக்கா என்பாள், கோபம் வந்தால் பெரியக்கா என்பாள்.

அந்தப் பத்து மாதப் பிள்ளையை வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். முதல் பிள்ளையும் அப்படித்தான். ஆனால் இரண்டாவது தடவை இரத்தம் நிற்கவில்லை. சத்திரசிகிச்சைக் கூடத்து வாசலில் அவளுடைய கணவன் சட்டைக் கையை மடக்கி விட்டுக்கொண்டு, யாரும் கேட்காமலே, என்னிடம் எடுங்கள், என்னிடம் எடுங்கள் என்று தாதிமாருக்குப் பின்னால் திரிந்ததை நான் பார்த்தேன். கடலில் எந்த அலைக்கும் அசையாத ஆள். அன்று அந்த நீலச் சுவரோடு சாய்ந்து நின்ற விதம், கரையில் தூக்கிப் போட்ட மீன் போல இருந்தது. அவள் கண் விழித்த பிறகு டொக்டர் இருவரையும் இருத்திச் சொன்னார்: கர்ப்பப்பை மெலிந்துபோய் இருக்கிறது, குறைந்தது இரண்டு வருடமாவது இடைவெளி வேண்டும், அதற்குள் இன்னொன்று தங்கினால் தையல் விட்டுப்போகலாம், அப்போது தாயைக் காப்பாற்றுவது கஷ்டம். இந்தச் சொல்லை எங்கள் வளவில் யாரும் திரும்பச் சொல்லவில்லை. ஆனால் அது எங்களோடுதான் இருந்தது, உப்புக் காற்றைப் போல.

இனி எங்கள் ஆண்களின் தொழில் முறையைச் சொல்ல வேண்டும். சோழகக் காற்று எழும்பினால் எங்கள் பக்கத்துக் கடல் முரடாகிவிடும். யுத்தம் முடிந்து கிழக்குக் கடல் திறந்த பிறகு, உயிர்த்த ஞாயிறு கொண்டாடிய கையோடு போட்டையும் எஞ்சினையும் வலையையும் லொறியில் ஏற்றிக்கொண்டு ஆண்கள் முல்லைத்தீவுப் பக்கம் போவார்கள். அங்கே கடற்கரையில் வாடி அடித்து, ஓலைக் குடிசையில் சமைத்துத் தின்று, மாதக்கணக்கில் தொழில் செய்துவிட்டு, வாடைக்காற்று தொடங்கும் முன் திரும்புவார்கள். அவ்வளவு காலமும் கரை பெண்களுடையது. நாங்கள் நேரத்தோடு படுத்தோம், இரவில் பாணும் தேத்தண்ணியும் போதும் என்றோம், சத்தமாகச் சிரித்தோம். தூரத்தில் வெள்ளைக்காரர்கள் பெரிய பட்டங்களை இடுப்பில் கட்டிக்கொண்டு அலைமேல் பறந்து பறந்து விழுவார்கள். எங்கள் ஆட்களை விரட்டிய காற்றுக்காக இவர்கள் காசு கட்டி வருகிறார்களே என்று பார்த்துக்கொண்டிருப்போம்.

கருத்தடை ஊசியையும் நாங்கள் இந்தக் காற்றின் கணக்கில்தான் போட்டோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் போடுகிற ஊசி அது. ஆண்கள் லொறி ஏறினால் ஊசியை விட்டுவிடுவோம். ஆள் இல்லாத வீட்டுக்கு எதற்கு ஊசி? அவர்கள் திரும்ப இரண்டு கிழமை இருக்கும்போது, கரையே திரண்டு கிளினிக்குக்குப் போவோம். ஒரே நிறக் குடைகளோடு வரிசையில் நிற்கும் எங்களைக் கண்டாலே, ஆட்கள் வரப்போகிறார்கள் என்று கடைக்காரர்கள் விளங்கிக்கொள்வார்கள். வருடா வருடம் இது பிழைக்கவே இல்லை.

அந்த வருடம் வாடை முந்திக்கொண்டது.

ஒரு பின்னேரம் கருவாட்டைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தபோது லொறி வந்து நின்றது. முன்னறிவிப்பு இல்லை. யாருடைய போனிலும் சார்ஜ் இல்லையாம். கறுத்து, மெலிந்து, தாடி வளர்த்த ஆண்கள் ஒவ்வொருவராகக் குதித்தார்கள். சின்னது தன் தகப்பனைக் கண்டு வீறிட்டு அழுதது. "பாரு, ஆள் தெரியாம அழுது" என்று அவன் சிரித்தான், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். நண்டு வெந்தது, பாண் வந்தது, ஒரு போத்தல் எங்கிருந்தோ வந்தது. எங்கள் கரையில் எல்லா வீட்டு விளக்கும் அன்றைக்கு நேரத்தோடு அணைந்தது. அதைப் பற்றி நான் இதற்குமேல் எழுத வேண்டியதில்லை. கடல்கூட அன்றைக்குச் சத்தம் குறைத்துத்தான் கிடந்தது.

ஒரு நாள் அந்தச் சந்தோசத்திலேயே போய்விட்டது. மறுநாள் விடிந்தபோது அவள் என் குசினி வாசலில் நின்றாள். பிள்ளை இடுப்பில் இல்லை. பிள்ளை இல்லாமல் அவள் வந்தால் அது பெரிய கதை.

"அக்கா, நீங்களும் ஒண்டும் போடாமத்தானே?"

"என்னத்த?"

"ஊசிய."

"அடுத்த கிழமைதானேடி போறதா இருந்தம்."

"அதான் அக்கா. அவங்க அடுத்த கிழமை வரயில்லையே."

தேங்காய் துருவிய கை அப்படியே நின்றது. எனக்கு அவளுடைய வயிற்றைப் பார்க்கக் கூடாது என்று இருந்தது. கண் அங்கேதான் போனது. அவளும் தன் கையை அங்கேதான் வைத்திருந்தாள், தையல் மேல், சட்டையை இழுத்து மூடுகிறவள் போல.

"மூண்டு நாளைக்குள்ள போடுற குளிசை ஒண்டு இருக்காமே அக்கா. ரேடியோவில சொல்லுறாங்களே" என்றாள்.

அப்படி ஒன்று இருப்பது எனக்கும் தெரியும். தெரியும் என்பது வேறு, கடை வாசலில் நின்று கேட்பது வேறு. இருந்தாலும் முதல் பஸ்ஸுக்கே கல்பிட்டி டவுனுக்குப் போனோம். பிள்ளைகளை மகளிடம் விட்டோம். பனடோல் வாங்கப் போகிறோம் என்றோம். ஒரு பனடோலுக்கு இரண்டு பேர் ஏன் போக வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. கேட்கிற வயதுதான், கேட்கவில்லை.

மருந்துக் கடைக்காரர் தாடி நரைத்த முஸ்லிம் மனிதர். அண்ணன் என்ற முறையில் ஊரில் எல்லோருக்கும் அவர் நானாதான். நான் முதலில் பனடோல் கேட்டேன். பிறகு இருமல் மருந்தின் விலை கேட்டேன். அவள் என் முழங்கையில் கிள்ளிய பிறகு, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த சவர்க்காரத்தைப் பார்த்தபடி, கேட்க வந்ததைக் கேட்டேன். நானா முகத்தை மாற்றவில்லை. குரலை மட்டும் தாழ்த்தினார்.

"எப்ப நடந்தது?"

"முந்தநாள் ராவு."

"நேரம் இரிக்கி. ஆனா சுணங்கப்படா. எவ்வளவு வெள்ளன போடுறீங்களோ அவ்வளவு நல்லம்." அவர் பெட்டியைத் திறந்து, மட்டையை உருவி, கடதாசி உறைக்குள் போட்டார். "இப்ப இத எப்பிடிப் போடுறதெண்டா..."

அந்த நேரம் பார்த்து எங்கள் கோயில் உபதேசியார் உள்ளே வந்தார். ஞாயிறுதோறும் வாசகம் படிக்கிறவர், என் இரண்டு பிள்ளைகளுக்கும் நற்கருணை வகுப்பு எடுத்தவர், தொண்டைக்கு ஏதோ வாங்க வந்திருக்கிறார். "என்ன, ஒரே வீட்டு ரெண்டு மருமக்களும் சோடியா?" என்றார். காசை மேசையில் வைத்து, உறையைப் பறித்துக்கொண்டு, மிச்சக் காசும் வாங்காமல் வெளியே வந்துவிட்டோம். பின்னால் நானா ஏதோ கூப்பிட்டது கேட்டது. மிச்சக் காசுக்குத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தோம்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரத்தடியில் நின்று உறையைத் திறந்தேன். மட்டையில் இரண்டு வெள்ளைக் குளிசை.

"ரெண்டு இருக்கு" என்றேன்.

"நாங்களும் ரெண்டு பேர்தானே" என்றாள்.

எங்களுக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. நானா எவ்வளவு கவனமான மனிதர், இரண்டு பேரைக் கண்டு இரண்டு போட்டிருக்கிறார் என்று மெச்சிக்கொண்டோம். ஒரு செவ்விளநீர் வாங்கினோம். அவள் ஒன்றை விழுங்கிப் பாதி குடித்தாள், நான் ஒன்றை விழுங்கி மீதியைக் குடித்தேன். வழுக்கையையும் பாதிப் பாதி. பஸ்ஸில் அவள் என் தோளில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். யன்னலில் களப்புத் தண்ணீர் வெள்ளித் தகடாய் வந்து வந்து போனது. இவ்வளவு சின்னக் குளிசைக்குள் இவ்வளவு பெரிய நிம்மதியா என்று நான் அதிசயப்பட்டுக்கொண்டு வந்தேன்.

பின்னேரம் மிஸ் வந்தார். எங்கள் பகுதிக்குப் பொறுப்பான குடும்பநல உத்தியோகத்தரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். புத்தளத்துக்காரர், ஸ்கூட்டரில் வருவார், பிள்ளையின் நிறை பார்ப்பார், எங்கள் வாய்க்கும் பதில் கொடுப்பார். வாசலில் நின்ற லொறியைப் பார்த்ததும் அவர் தலைக்கவசத்தைக் கழற்றாமலே கேட்டார்.

"ஆக்கள் வந்துட்டாங்க போல?"

"ஓம் மிஸ்."

"ஊசி?"

நான் நிலத்தைப் பார்த்தேன். தங்கச்சிதான் நிமிர்ந்து, பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரிச் சொன்னாள்: "குளிசை போட்டுட்டம் மிஸ். காலமையே போட்டுட்டம்."

"நல்லது. போட்டுட்டமெண்டா யார் யார்?"

"நானும் அக்காவும்."

"எத்தன பக்கட் வாங்கினீங்க?"

"ஒண்டு."

"ஒண்டா? உள்ள எத்தன இரிந்திச்சு?"

"ரெண்டு."

மிஸ் பிள்ளையை நிறை பார்க்கும் தராசில் வைக்கப் போன கையை இறக்கினார். பிள்ளையைத் திரும்ப என்னிடம் தந்தார். கவிழ்த்துப் போட்டிருந்த மீன் அள்ளும் தொட்டி மேல் உட்கார்ந்தார்.

"அப்ப ஆளுக்கு ஒண்டு."

"ஓம் மிஸ்."

"யா அல்லாஹ்! இது என்ன சோத்துப் பார்சலா புள்ள, ரெண்டு பேர் பங்கு போட?" என்றவர் ஒருமுறை சிரித்தார். தங்கச்சியின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. அவளுடைய கிளினிக் கதை முழுவதும் அவருக்குத் தெரியும். "அந்த ரெண்டும் சேந்துதான் ஒரு ஆளுக்கு. பாதி மருந்து பாதிக் காவல் இல்ல, விளங்குதா? வேல செய்யுமெண்டு நம்ப ஏலாது."

தங்கச்சி அப்படியே மணலில் இருந்துவிட்டாள். "அப்ப எனக்கு..." என்றாள். அவள் சொல்லாமல் விட்டது எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது.

"அழாத. அழுறதுக்கு நேரமில்ல, கணக்குப் பாக்கிற நேரம். காலைல எத்தன மணிக்குப் போட்டீங்க?"

"ஒம்பது இருக்கும்."

"வாந்தி எடுத்தீங்களா, ரெண்டு பேரும்? போட்டு ரெண்டு மூணு மணித்தியாலத்துக்குள்ள வாந்தி எடுத்தா அது கணக்கில வராது, திரும்பப் போடோணும்."

"இல்ல மிஸ்."

"வேற மருந்து? வலிப்புக்கு, காசநோய்க்கு எண்டு ஏதாச்சும்? சில மருந்து இதட பலத்தக் குறைக்கும்."

"ஒண்டும் இல்ல."

"அப்ப காலைல போட்டது வீணில்ல. இது ரெண்டையும் ஒரேயடியாவும் போடலாம், பன்னெண்டு மணித்தியாலம் விட்டும் போடலாம். இன்னுமொரு பக்கட் எடுத்து, ராவைக்கு ஒம்பதுக்கு ஆளுக்கு மத்தது போடுங்க. தவற விட்டீங்களோ, முதல்ல இரிந்து தொடங்க வேண்டி வரும். நாளாக ஆக இது வேல செய்யிறது குறையும்."

நான் விரல்களை மடக்கிப் பார்த்தேன். ஒரு பக்கட், இரண்டு குளிசை, இரண்டு பேர். அதே பங்கு. காலையில் பிழையாகப் போட்ட பங்கு, பின்னேரம் சரியான பங்காகிவிட்டது. மிஸ்ஸும் அதைக் கண்டுகொண்டார். வாயை மூடிக்கொண்டு குலுங்கினார்.

தங்கச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு இன்னொரு பாரம் இருந்தது. உபதேசியாரைக் கண்டதிலிருந்து அதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள்.

"மிஸ், இது கலைக்கிற குளிசையா?"

"இல்ல புள்ள." மிஸ் கடலைப் பார்த்தார். கரையில் ஆண்கள் வள்ளத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். "அந்தா, வள்ளத்தப் பாரு. பொம்பிளட முட்டை அந்த வள்ளம் மாதிரி. மாசத்துக்கு ஒருக்கா கரைக்கு வரும். ஆம்பிளட ஆக்கள் முந்தியே வந்து கரையில நிப்பாங்க, அஞ்சு நாள் வரைக்கும் நிப்பாங்க. இந்தக் குளிசை செய்யிறதெல்லாம் வள்ளத்த கொஞ்ச நாளைக்கு வர விடாம மறிச்சு வைக்கிறதுதான். காத்து நிண்டவங்க களைச்சுப்போயிருவாங்க. பிறகு வள்ளம் வந்தா ஏற ஆளில்ல."

"வள்ளம் முந்தியே வந்திட்டா?" என்றேன் நான்.

"வந்துட்டா குளிசையால ஒண்டும் செய்ய ஏலாது. அதான் சுணங்கப்படா எண்டுறது. ஏறினவங்கள இறக்கவும் ஏலாது இதுக்கு. தங்கின புள்ளைக்கு இதால ஒண்டும் ஆகாது. கலைக்கிற மருந்து வேற, இது வேற."

வருடத்தில் பாதியைக் கரையில் காத்து நின்றே கழித்தவர்கள் நாங்கள். காத்திருப்பு என்னவென்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் உடம்புக்குள்ளும் ஒரு கரை இருக்கிறது, அங்கேயும் யாரோ நிற்கிறார்கள், அங்கேயும் காற்றைப் பார்த்துத்தான் வள்ளம் வருகிறது என்று கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பால் குடுக்கலாமா?"

"தாராளமாக் குடு. ஆனா ஒண்டு கேளுங்க ரெண்டு பேரும். இந்தக் குளிசை முந்தநாள் ராவுக்கு. நாளைய ராவுக்கு இல்ல." மிஸ் பையிலிருந்து ஆணுறைகளை எடுத்து, பிள்ளையின் துணிக்கு அடியில் செருகினார். "மாசத் தீட்டு வார வரைக்கும் இது. வந்த உடன ஊசிக்கு வாங்க. குளிசையால மாசம் கொஞ்சம் முந்தும், இல்லாட்டிப் பிந்தும், பயப்படாதீங்க. ஒரு கிழமைக்கு மேல பிந்தினா மூத்திரம் பாக்கோணும். அடிவயிறு கடுமையா நொந்தா நிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடோணும். பிறகு, இத வழக்கமாப் போட்டுச் சமாளிக்கலாமெண்டு நெனைக்கப்படா. ஊசி காக்கிற அளவுக்கு இது காக்காது. ஆபத்துக்குத்தான் இது." ஸ்கூட்டரை உதைத்துவிட்டுத் திரும்பினார். "காத்தப் பாத்து ஊசி போடுற பொம்பிளைகள நான் உங்களத்தான் கண்டிரிக்கேன்!"

இப்போது பஸ் இல்லை. ஆண்களிடம் சொல்லத்தான் வேண்டும். நான் என் கணவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் தன் கணவனிடம் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அவன் கையிலிருந்த கயிறு நிலத்தில் விழுந்ததைக் கண்டேன். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே மோட்டார் சைக்கிளில் போனார்கள். அதன் விளக்கு எரியாது. தம்பி ஓட்ட, அண்ணன் பின்னாலிருந்து தோளுக்கு மேலால் டோர்ச் பிடித்துக்கொண்டு போனார்.

செபமாலை சொல்லி முடிக்கவும் அவர்கள் வரவும் சரியாக இருந்தது. பெரிய பை ஒன்று கொண்டுவந்தார்கள். சவர பிளேட், பிளாஸ்டர், இரண்டு சவர்க்காரம், பிள்ளைகளுக்கு இருமல் மருந்து.

"ஆருக்கு இருமல்?" என்றேன்.

"அண்ணனுக்குத்தான் கேக்க வாய் வரயில்ல" என்றான் தம்பி. "ஒவ்வொரு சாமானா வாங்குறார். இன்னும் கொஞ்சம் நிண்டிருந்தா நானாட கடையையே வாங்கியிருப்பார்."

"நீ மட்டும் கேட்டியாக்கும். வெளியில பைக்குக்குக் காவல் நிண்டவன்தானே நீ" என்றார் என் கணவர். "கடைசில நானாதான் பாவம் பாத்துக் கேட்டார், காலைல வந்த ரெண்டு பேருட வீட்டுக்காரரா எண்டு. சொல்ல வந்தாராம், நீங்க ஓடிட்டீங்களாம். ரெண்டு பக்கட் தந்தார். வீட்டுக்கு ஒண்டு, இனிப் பங்குப் பிரச்சின வேணாமெண்டு சொன்னார்."

காலையில் மிஞ்சிய காசும் அந்தப் பைக்குள் இருந்தது.

ஒன்பதுக்கு ஆளுக்கு ஒன்று போட்டோம். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அவளுக்குக் குமட்டியது. முற்றத்துக் கதிரையில் இருந்து, தேசிக்காய் இலையைக் கசக்கி முகர்ந்துகொண்டு, உதட்டை இறுக்கி வைத்திருந்தாள். வாந்தி வந்துவிட்டால் இந்தக் குளிசையும் போய்விடும். அவளுடைய கணவன் போனில் நேரத்தைப் பார்த்தபடி பக்கத்தில் நின்றான். கிட்ட வந்தபோது அவள் கையால் தள்ளினாள்.

"உன்னில மீன் நாறுது. காத்துக்கு அங்கால போ."

அவன் மறுபக்கம் போய் நின்றான். காற்று மாறியது. அவன் திரும்ப இந்தப் பக்கம் வந்தான். இப்படி அவன் அவளைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே இருந்தான், வாடைக்காற்று அவனை எங்கும் நிற்க விடவில்லை. நான் வாசலில் நின்று பார்த்தேன். கல்யாணம் என்பது இதுதான் போல என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கு வாந்தி வரவில்லை.

பிறகு காத்திருப்பு. எனக்கு மாதம் முந்தி வந்தது. நான் கிளினிக்குக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். அவளுக்கு வரவில்லை. வர வேண்டிய நாள் போனது. ஒவ்வொரு காலையும் குழாயடியில் அவள் முகத்தைப் பார்ப்பேன், அவள் தலையை ஆட்டுவாள். நாங்கள் கருவாடு புரட்டினோம், பிள்ளைகளைக் குளிப்பாட்டினோம், வழக்கம்போல் சத்தம் போட்டோம். ஆனால் அவள் பாரமான தொட்டியைத் தூக்க வந்தால் அவளுடைய கணவன் எங்கிருந்தோ வந்து அதைப் பிடித்துக்கொள்வான். அவன் கடலுக்குப் போனாலும் முதல் ஆளாகத் திரும்பினான். ஒருநாள் என்னிடம் மட்டும் கேட்டான்: "அண்ணி, ஒருவேள தங்கியிருந்தா, அந்த டொக்டர் இப்பவும் அந்த ஆஸ்பத்திரிலதான் இருப்பாரா?" இருப்பார் என்றேன். எனக்குத் தெரியாது, ஆனாலும் இருப்பார் என்றேன்.

ஒரு கிழமையும் தாண்டியபோது அவளே டவுனுக்குப் போனாள். என்னைக் கூப்பிடவில்லை. திரும்பி வந்து சொன்னாள்: "கடையில நாலு பேர் நிண்டாங்க அக்கா. நல்ல சத்தமாக் கேட்டன், கர்ப்பம் பாக்கிற மட்டை ஒண்டு தாங்க நானா எண்டு. எப்பிடிப் பாக்கிறதெண்டும் முழுக்கக் கேட்டுட்டுத்தான் வந்தன்."

"உபதேசியார் நிண்டாரா?"

"நிண்டிருந்தாலும் கேட்டிருப்பன்."

மறுநாள் விடியற்காலை என் வீட்டுக் குளியலறையில்தான் பார்த்தாள், தன் வீட்டில் பிள்ளைகள் கதவைத் தட்டுவார்கள் என்று. மட்டையை யன்னல் கட்டில் வைத்துவிட்டு என்னை உள்ளே இழுத்தாள். இரண்டு பேரும் அந்தச் சின்ன அறைக்குள் தோளோடு தோள் ஒட்டி நின்றோம். ஒரு கோடு என்றால் இல்லை, இரண்டு என்றால் ஓம். ஒரு கோடு எழும்பியது. இரண்டாவது கோட்டின் இடத்தை நாங்கள் மூச்சு விடாமல் பார்த்தோம். வெளியே முற்றத்தில் அவளுடைய கணவன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். ஊசி வலைக்குள் போய் வருகிற சத்தம் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது. அவனும் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

நானா சொன்ன நேரம் முடிந்தது. அந்த இடம் வெள்ளையாகவே இருந்தது. அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள், நான் பார்த்தேன், மட்டையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தோம். வெள்ளைதான்.

"ஒண்டுதான்!" என்று அவள் யன்னலால் கத்தினாள். "உனக்குக் கேக்குதா? ஒண்டே ஒண்டு!"

வெளியே வலை ஊசியின் சத்தம் திரும்பவும் கேட்கத் தொடங்கியது. முதலில் மெதுவாக, பிறகு அவசர அவசரமாக, அன்றைக்கே முழு வலையையும் பொத்தி முடிக்கப் போகிறவன் போல. அவள் சுவரில் சாய்ந்து நின்று சிரித்தாள், எனக்கும் தொற்றியது, இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். இரண்டு நாள் கழித்து அவளுக்கு மாதமும் வந்தது. அந்தக் கிழமையே ஊசி போட்டாள்.

அதன் பிறகு எங்கள் கரையில் யாரும் காற்றைப் பார்த்து ஊசியை விடுவதில்லை. ஆண்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாள் வந்தால் கிளினிக்குக்குப் போகிறோம். தங்கச்சி அந்த மூன்றாவது பிள்ளையைப் பிறகு பெற்றாள், வருடங்கள் கழித்து, டொக்டரைக் கேட்டு, தானாக ஆசைப்பட்டு. இப்போது அந்தக் குளிசை ஒரு பெட்டிக்கு ஒன்றாகத்தான் வருகிறதாம், முழு மருந்தும் ஒரே குளிசையில். பங்கு போடப் பயமில்லை.

பாண் வாங்கினால் இப்போதும் பாதி வேலிக்கு மேலால் போகிறது. அவள் வாங்கிக்கொள்ளும் முன் ஒவ்வொரு முறையும் பாணைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு கேட்பாள்:

"அக்கா, இது பங்கு போடலாமா? நானாவைக் கேட்டீங்களா?"